சிலாவத்துறைத் தண்ணீர்

நள்ளிரவை ஒட்டிப் பீரங்கி வெடிக்கும். அதற்காகவே காத்துக் கிடந்த நூற்றுக்கணக்கான தோணிகள் பாயை விரித்து மேற்கே கிளம்பும். விடிவதற்குள் சிப்பி கிடக்கும் பாருக்கு மேலே போய் நங்கூரம் போட்டுவிடுவார்கள். பொழுது நன்றாக ஏறும்வரை குளிப்பு. மதியத்தில் இன்னொரு வெடி. அதோடு வேலையை நிறுத்திக்கொண்டு, எதிர்த் திசையிலிருந்து வீசத் தொடங்கும் காற்றில் பாயைத் திருப்பிக் கரைக்கு வந்துவிடுவார்கள். மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்று நீளும் இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஒவ்வொரு நாளும் இப்படித்தான் கழிந்தது. 19ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இங்கே வந்த ஸ்கொட்லாந்துப் பாதிரியார் கோர்டினர் எழுதி வைத்ததும் இதையேதான்.

பீரங்கியை வெடித்தது அரசாங்கம். நேரத்தைக் குறித்தது தண்ணீர்.

ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்க 4.18 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் காய்ந்த மணலுக்குச் சுமார் 0.8 ஜூல் போதும். பகல் வெயில் கரைக்கும் கடலுக்கும் ஒன்றாகத்தான் அடிக்கிறது. ஆனால் மணல் மளமளவென்று கொதிக்கிறது, கடல் அசைந்து கொடுப்பதில்லை. போதாக்குறைக்கு, வெயில் மணலின் மேல்தோலோடு நின்றுவிட, கடலில் பல மீட்டர் ஆழத்துக்கு இறங்கிக் கலந்தும் விடுகிறது. மதியத்துக்குள் கரைக்கு மேலிருக்கும் காற்று சூடாகி மேலெழும்ப, கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு ஓடி வருகிறது. அதுதான் கடற்காற்று. இரவில் மணல் சீக்கிரம் ஆறிவிடும். கடல் பகலில் வாங்கிய சூட்டை இன்னும் பிடித்துவைத்திருக்கும். காற்று திரும்பிக் கரையிலிருந்து கடலுக்கு வீசும். பெரிய பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தச் சின்னக் காற்றுக்கு வேலை இல்லை. வாடை அடங்கி, சோழகம் இன்னும் எழாத மாசி, பங்குனி, சித்திரையில்தான் அதன் ஆட்சி. முத்துக்குளிப்புக்கு நாள் குறித்ததும் அந்த இடைவெளியில்தான்.

தண்ணீர் ஏன் இவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது? அதன் மூலக்கூறின் வடிவத்தில் பதில் இருக்கிறது. நடுவில் ஓர் ஆக்சிஜன், இரு பக்கமும் ஒவ்வொரு ஹைட்ரஜன். ஆனால் மூன்றும் நேர்கோட்டில் இல்லை, 104.5 பாகைக் கோணத்தில் வளைந்திருக்கின்றன. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அந்தப் பக்கம் சற்று எதிர்மின்னேற்றமும் ஹைட்ரஜன்கள் பக்கம் சற்று நேர்மின்னேற்றமும் நிற்கின்றன. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. பற்றுவதும் விடுவதும் ஒரு வினாடிக்குள் கணக்கற்ற தடவை நடக்கும். கொடுக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு இந்தப் பிடிகளைத் தளர்த்துவதிலேயே போய்விடுகிறது. ஆக்சிஜனின் இடத்தில் கந்தகத்தை வைத்தால் கிடைப்பது ஹைட்ரஜன் சல்பைடு. தண்ணீரைவிட எடை கூடிய அந்த மூலக்கூறு, பிடி இல்லாத காரணத்தால், பூச்சியத்துக்குக் கீழே 60 பாகையிலேயே கொதித்து வாயுவாகிவிடும். தண்ணீர் அந்த வழியில் போயிருந்தால் மன்னாருக்குக் கடலே இல்லை.

இன்றைக்குச் சிலாவத்துறை மீனவர்கள் இதே குணத்தை வேறு வடிவத்தில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். படகில் ஏற்றும் ஐஸ் பெட்டிதான் அது. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு மட்டும் 334 ஜூல் வேண்டும். உருகி முடியும்வரை பெட்டிக்குள் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். மீனைக் காப்பது ஐஸின் குளிர்ச்சி என்பதைவிட, அது உருகத் தயங்கும் தயக்கம் என்பதே சரி.

தோணி பாருக்கு வந்தபின் கதை அழுத்தத்தைப் பற்றியது. கடலடியில் மணலுக்கு நடுவே கெட்டித்துக் கிடக்கும் கல்தரையைத்தான் இங்குள்ளவர்கள் பார் என்பார்கள். பெரிய பார், செவல் பார், மோதரகம் பார், வங்காலைப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஆழம் பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்துப் பாகம். ஒரு பாகம் ஆறடி. ஒன்பது பாகம் என்றால் ஏறக்குறைய 16.5 மீட்டர்.

குளிகாரர் ஒரு கருங்கல்லில் காலை வைத்து இறங்குவார். சுமார் 15 கிலோ எடையில் கூம்பாகச் செதுக்கி, மேலே துளையிட்டுக் கயிறு கோத்த கல். ஒரு கல்லுக்கு இரண்டு குளிகாரர், மாறிமாறி இறங்குவார்கள். கல் அடியைத் தொட்டதும் தோணியில் இருப்பவர் அதை மேலே இழுத்துவிடுவார். அடியில் நிற்பவர் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைக்கூடையில் திணித்துக் கயிற்றைச் சுண்டுவார். அவரையும் கூடையையும் மேலே இழுப்பார்கள். ஒரு முழுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம்.

கல் ஏன் தேவை? நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு குதித்த மனிதர் மிதக்கிறார். அவரைவிட அவர் விலக்கும் கடல்நீர் கனம். கருங்கல்லும் நீருக்குள் எடை இழக்கும். 15 கிலோக் கல் கடலுக்குள் ஏறத்தாழ 9 கிலோவுக்குச் சமம். ஆனாலும் ஆளை இழுத்துச் செல்ல அது போதும். கீழே போகப்போக நிலைமை மாறுகிறது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 16.5 மீட்டரில் மொத்தம் 2.6 மடங்கு. மேலே 6 லிட்டர் இருந்த நுரையீரல் காற்று அங்கே 2.3 லிட்டராகச் சுருங்கிவிடுகிறது. உடலின் கன அளவு குறைய, மிதப்பும் குறைகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் கல் இல்லாமலேயே ஆள் தானாக மூழ்குவார். மேலே வருவதற்குக் கயிறு வேண்டியிருந்தது அதனால்தான்.

இத்தனை அழுத்தத்திலும் தண்ணீர் சுருங்குகிறதா என்றால், ஏறக்குறைய இல்லை. ஒரு கிலோமீட்டர் ஆழத்தில்கூட அதன் கன அளவு அரை விழுக்காடுதான் குறையும். சுருங்குவது மனிதருக்குள் இருக்கும் காற்று மட்டும். காதுச் சவ்வுக்குப் பின்னால் அடைபட்ட கொஞ்சம் காற்றும் அதில் சேரும். மூன்று மீட்டர் இறங்கியதுமே அது வலிக்கத் தொடங்கும். காதிலும் மூக்கிலும் இரத்தம் கசிய மேலே வந்த குளிகாரர்களைப் பற்றிப் பழைய குறிப்புகள் பேசுகின்றன. சுறாவை மந்திரத்தால் கட்டுவதற்குக் 'கடல்கட்டி' என்று ஒருவருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. அழுத்தத்தைக் கட்டுவதற்கு யாருக்கும் சம்பளம் இல்லை.

அடியில் அவருக்கு என்ன தெரிந்தது? நம் கண்ணின் குவிக்கும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு முன்புறக் கருவிழிப் படலத்தில் இருக்கிறது. காற்றிலிருந்து அந்தப் படலத்துக்குள் நுழையும்போது ஒளி வளைவதால் கிடைக்கும் ஆற்றல் அது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. கண்ணின் திரவமும் ஏறத்தாழ அதே அளவு. இரு பக்கமும் ஒரே மாதிரி என்றால் ஒளி வளைய இடமில்லை. கண்ணாடி முகமூடி இல்லாமல் இறங்கிய குளிகாரர் சிப்பியைப் பார்த்து எடுத்தார் என்பதைவிட, மங்கலான நிழலைத் தடவி எடுத்தார் என்பது பொருந்தும். ஆனால் பழக்கம் இதில் கொஞ்சம் கைகொடுக்கும். அந்தமான் கடலில் வாழும் மோக்கன் மக்களின் குழந்தைகளைச் சுவீடன் ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார். ஐரோப்பியக் குழந்தைகளைவிட அவர்கள் நீருக்கடியில் இருமடங்கு நுணுக்கமாகப் பார்த்தார்கள். பாவையை இறுக்கமாகச் சுருக்குவதுதான் அவர்களின் உத்தி. பிறகு ஐரோப்பியக் குழந்தைகளும் பயிற்சியால் அதைக் கற்றுக்கொண்டார்கள். மன்னார்க் குளிகாரரின் கண்ணை யாரும் அப்படி அளந்து பார்க்கவில்லை என்பது எனக்கு ஒரு குறை.

அங்கே நிறமும் வேறு. தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்கும். 650 நானோமீட்டர் சிவப்பு ஐந்து மீட்டரில் ஐந்தில் ஒரு பங்காகவும், பதினைந்து மீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழாகவும் மங்கிவிடும். பாறையில் கீறிக்கொண்டால் வழியும் இரத்தம் அடியில் சிவப்பாக இராது, பச்சை கலந்த கறுப்பாகத் தெரியும். கடல் ஏன் நீலம் என்ற கேள்வியை 1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிய சி.வி. ராமன் கையில் எடுத்தார். வானத்தின் நீலம் பிரதிபலிப்பதுதான் கடல் நீலம் என்ற அன்றைய விளக்கத்தை அவரால் ஏற்க முடியவில்லை. ஒரு நிக்கோல் பட்டகத்தால் மேற்பரப்புப் பிரதிபலிப்பை அணைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் தெளிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதினார். சிவப்பை விழுங்கும் குணமும் அதோடு சேர்ந்தே நீலத்தைத் தருகிறது என்று இன்று சொல்கிறோம். அந்த விழுங்கலுக்குக் காரணம் ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பின் அதிர்வு. ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான டியூட்டீரியத்தை வைத்த கனநீரில் அதிர்வு மெதுவாகிவிடுவதால் அந்த நீலமும் இல்லை.

இனி அலை. பெரிய பாரைத் 'தாய்ப் பார்' என்றும் அழைத்தார்கள். அங்கே ஆண்டுதோறும் குஞ்சுச் சிப்பி கோடிக்கணக்கில் ஒட்டும், சில மாதங்களில் காணாமல் போகும். தாயிடமிருந்து மற்றப் பார்களுக்குப் பிள்ளைகள் போய்விட்டன என்று நம்பினார்கள். 1891க்குப் பிறகு பதினொரு ஆண்டுகள் குளிப்பு நடத்தச் சிப்பி இல்லாமல் போனதும், காரணம் கண்டுபிடிக்க லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இல் வந்தார். உதவிக்கு ஜேம்ஸ் ஹார்னெல். பெரிய பாரின் குஞ்சுகள் எங்கும் குடிபோகவில்லை, தென்மேற்குப் பருவத்தின் அலை அவற்றை ஆழத்துக்கு அடித்துச் செல்கிறது, அல்லது மணலில் மூடிவிடுகிறது என்று ஹெர்ட்மன் சொன்னார். இதற்குள் இருக்கும் இயற்பியல் எளிது. எட்டு வினாடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் ஆழ்கடலில் 100 மீட்டர். அலையின் அசைவு அந்த நீளத்தில் பாதி ஆழம் வரை, அதாவது 50 மீட்டர் வரை, தட்டுப்படும். பதினைந்து, பதினெட்டு மீட்டரில் கிடக்கும் சிப்பிக்கு அது முன்னும் பின்னும் இழுக்கும் வெள்ளம். போதாததற்குத் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு கனம். அதே வேகத்தில் வீசும் காற்றைத் தாங்குபவரும் அந்த நீரோட்டத்தில் நிற்க முடியாது. முத்துக்குளிப்பைப் பார்வையிட என்று கவர்னர் பிரெடரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பில் கட்டிய 'டோரிக்' மாளிகையின் இடிபாட்டைப் போய்ப் பார்த்தால் அலையின் வேலை கண்முன் தெரியும். கீழே கடல் மண்ணைத் தின்னத் தின்ன, சுவர்கள் மேட்டின் விளிம்பில் நிற்கின்றன.

குஞ்சுகளைப் பெரிய பாரிலிருந்து பாதுகாப்பான இடங்களுக்குப் பெயர்த்து நடும்படி ஹெர்ட்மன் யோசனை சொன்னார். 1905இல் எட்டுக் கோடிக்கும் மேல் சிப்பி எடுத்து அரசாங்கம் 25 இலட்சம் ரூபாய் வருமானம் பார்த்தது. அந்தப் பூரிப்பில் 1906இல் ஒரு தனியார் கம்பனி ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு இருபது ஆண்டுக் குத்தகை எடுத்தது. கம்பனி நட்டத்தில் மூழ்கியது. அலைக்குக் குத்தகைப் பத்திரம் படிக்கத் தெரியாது.

குளிப்புக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கரையில் கூடிய முகாமுக்கு முத்தைவிட முதலில் வேண்டியது குடிதண்ணீர். மழை முடிந்து ஆறு வற்றத் தொடங்கும் மாதங்கள். கடற்கரை மணலில் கையாலோ மண்வெட்டியாலோ கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அந்தப் பள்ளத்தைத்தான் பூவல் என்கிறோம். உப்புக் கடலுக்கு நாலு எட்டு தூரத்தில் நல்ல தண்ணீர் எப்படி? மழைநீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. இலேசானது கனமானதின் மேல் மிதக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட ஒரு சாண் உயர்ந்தால் கீழே நாற்பது சாண் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் நிற்கும் என்பது கணக்கு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கய்பன் என்ற டச்சுக்காரரும், கொஞ்சம் பிந்தி ஹெர்ட்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் இதைக் கண்டார்கள். கணக்கு மறுபக்கமும் ஓடும். மோட்டர் போட்டு இறைத்து மட்டத்தை ஒரு சாண் இறக்கினால், அடியிலிருந்து உப்பு நாற்பது சாண் மேலே ஏற இடம் கிடைக்கிறது. மன்னார்த் தீவின் மணல் கிணறுகள் சவர்த்தண்ணியாக மாறுவது இப்படித்தான்.

பூவலில் நல்ல தண்ணீர் கிடைத்தாலும் அது மழைநீர் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் வழியாகப் புத்தளம் பக்கம் வரை சுண்ணாம்புக்கல் நிலம். மழை மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு ஒரு மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லை அரிக்கிறது. கரையாத கால்சியம் கார்பனேட் கரையக்கூடிய பைகார்பனேட்டாகிக் கிணற்றுக்கு வருகிறது. அதில் குளித்தால் சவர்க்காரம் நுரைக்காது. அதைக் கேத்திலில் கொதிக்கவைத்தால் வாயு வெளியேறிவிடும், பைகார்பனேட் மறுபடி கார்பனேட்டாகிக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். நாள்பட்டால் சொரசொரவென்று ஒரு தோலே உருவாகி, தேத்தண்ணி கொதிக்க நேரமெடுக்கும்.

அந்தத் தோலும் முத்தும் ஒரே பொருள். கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்தால் கார்பனேட் படிகிறது, கரியமில வாயுவும் தண்ணீரும் விடுபடுகின்றன. கேத்திலில் நடப்பது இதுதான், சிப்பியின் மென்மையான மேற்போர்வைத் தசையில் நடப்பதும் இதுதான். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் பெரும்பகுதி சாதாரண உப்பு. கால்சியத்தின் பங்கு 0.4 கிராம்தான். அந்தக் கொஞ்சத்தையும் தண்ணீர் பிரித்து வைத்திருப்பது, முன்னே சொன்ன மூலக்கூறின் இரட்டை மின்னேற்றத்தால். ஒவ்வொரு கால்சியம் அயனியையும் நீர் மூலக்கூறுகள் தம் ஆக்சிஜன் பக்கத்தைக் காட்டிச் சூழ்ந்துகொள்கின்றன. வெப்பக் கடல்களின் மேல்நீரில் கார்பனேட் ஏற்கெனவே கரையும் அளவுக்கு மேல் இருந்தும் அது தானாகப் படிவதில்லை. கடலில் நிறைய இருக்கும் மக்னீசியம் படிகம் வளர்வதைத் தடுக்கிறது. சிப்பி, புரதத்தால் ஆன ஒரு மெல்லிய சாரம் கட்டி, அதற்குள் அரகோனைட் என்ற வடிவில் படிகங்களை அடுக்குகிறது. ஒவ்வொரு தகடும் ஏறக்குறைய அரை மைக்ரோமீட்டர் தடிமன், அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீள அளவு. அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று மோதிக் கலந்து அந்த மினுமினுப்பைத் தருகிறது. சிப்பியின் இந்த வர்ணத்தையும் ராமன் 1930களில் ஆராய்ந்தார்.

மழைத்துளி விழுந்துதான் முத்தாகிறது என்று நம் பழையவர்கள் சொன்னார்கள். ஹெர்ட்மன் முத்துக்கு உள்ளே ஓர் ஒட்டுண்ணிப் புழுவின் குஞ்சைத் தேடினார். ஆனால் மழைக்கும் அதில் பங்கு உண்டு. கல்லை அரித்துக் கால்சியத்தை ஆறுகளில் இறக்கிவிட்டது மழைதான். அருவி ஆறு இங்கே கடலில் சேர்க்கும் நீரிலும் அது இருக்கிறது. ஒரே சிக்கல், கடலில் சேரும் கால்சியம் சராசரியாகப் பத்து இலட்சம் ஆண்டுபோல அங்கே சுற்றித் திரியும். சென்ற ஆண்டு மழைக்கு முத்தில் உரிமை கோர முடியாது.

இந்த வினை எதிர்த்திசையிலும் ஓடும். புளிக்காடியில் முத்தைப் போட்டுக் கிளியோபாட்ரா கரைத்துக் குடித்தாள் என்று பிளினி எழுதுகிறார். உடனே கரையாது, தூளாக்கினால் சற்றுச் சீக்கிரம். இப்போது அந்தக் காடியின் வேலையை மெதுவாகச் செய்கிறது காற்றிலிருந்து கடலில் கரையும் கரியமில வாயு. தொழிற்புரட்சிக்கு முன்னால் கடலின் மேல்நீரில் பி.எச். மதிப்பு சுமார் 8.2, இப்போது 8.1. புள்ளி ஒன்றுதானே என்று தோன்றும். அது மடக்கை அளவு, ஆகவே ஹைட்ரஜன் அயனி ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியிருக்கிறது. அந்த அயனிகள் கார்பனேட்டைப் பிடித்துக்கொள்வதால் சிப்பிக்கு மீதி குறைகிறது. முதலில் அகப்படுவது பெரிய சிப்பி அல்ல, ஒரு நாளுக்குள் முதல் ஓட்டைக் கட்ட வேண்டிய குஞ்சு. அமெரிக்காவின் ஒரிகான் கரையில் ஒரு சிப்பிக் குஞ்சுப் பொரிப்பகத்தில் 2007இல் குஞ்சுகள் கூட்டம்கூட்டமாகச் செத்தன. ஆழத்திலிருந்து எழும்பி வந்த அமிலம் கூடிய நீர்தான் காரணம் என்று பின்னர் தெரிந்ததும், தொட்டி நீரில் சலவைச் சோடாவைக் கலந்து நிலைமையைச் சமாளித்தார்கள்.

தூத்துக்குடியில் ஆய்வாளர் அழகர்சாமியின் குழு 1973இல் நம் கடலின் சிப்பியில் செயற்கையாக உருண்டை முத்தை வளர்த்தது, 1981இல் குஞ்சுகளையும் பொரிப்பகத்தில் எடுத்தது. அங்கேயும் நீர் தொட்டிக்குள்தான், தேவையானால் சோடா போடலாம். ஆனால் பெரிய பாருக்கு மேலே மிதக்கும் குஞ்சுகள், தரையில் ஒட்டுவதற்கு முன் ஏறக்குறைய மூன்று வாரம் திறந்த கடலில் மிதந்தபடியே ஓடு கட்ட வேண்டும்.